தேய்மானமும் பிடிப்பும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில கணக்குகளைச் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பற்றியோ வாரிசு நியமனப் படிவம் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார். வங்கியில் 36 வருடம் எழுத்தராக உட்கார்ந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? "மோட்டார் சைக்கிள் டயர் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க சார்" என்றார். முயற்சி செய்கிறேன்.

ஏன் டயர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் வலது மணிக்கட்டுக்குள் ஓர் உலோகத் தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன. அவை அங்கே போனதற்குக் காரணம் நான் போட்ட ஒரு கணக்கு. கூட்டல், வகுத்தல் எதிலும் தப்பில்லை. ஆனால் அந்தப் பேரேட்டில் ஒரு கட்டத்தை நான் வரையவே இல்லை.

இங்கே சிலருக்குத் தெரியும், கீழே உறை போட்டு நிற்கும் பச்சை நிற 650 சிசி வண்டி என் மகனுடையது. 2016-இல் வேலை கிடைத்து ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனபோது, "வித்துடுங்கப்பா" என்றுதான் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. ஓடாமல் நின்றால் கெட்டுவிடுமே என்று வாரம் ஒருமுறை எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு அது பழக்கமாகிவிட்டது. காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பொள்ளாச்சி வரை போய், டிபன் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவேன். வருடத்துக்கு 2,000, 2,500 கிலோமீட்டர் ஓடும். பெரும்பாலும் பின்னால் என் மனைவி இருப்பார்.

மகன் கிளம்பும் முன் டயர் மாற்ற வேண்டியிருந்தது. கடையில் பின் சக்கரத்துக்கு இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். இரண்டும் ஒரே அளவு, 160/60, 17 அங்குலம். ஒன்று 8,400 ரூபாய், கடினமான ரகம். இன்னொன்று ஸ்போர்ட்-டூரிங் என்ற ரகம், விலை அதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல். டயர் கடையில் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்: "எத்தனை கிலோமீட்டர் வரும்?" முதலாவது 20,000 வரும், இரண்டாவது பத்துப் பன்னிரண்டாயிரம் என்றார்கள். எட்டாயிரத்து நானூறை இருபதாயிரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 42 பைசா. மற்றதுக்கு ஒரு ரூபாய்க்கு மேல். வகுத்து முடித்ததும் பேச்சு முடிந்தது. முன் சக்கரத்துக்கும் அதே ரகத்தையே வாங்கினேன். மகன் ஏதோ சொல்ல வந்தான். "எனக்குக் கணக்கு சொல்லித் தராதே" என்றேன்.

அந்த ஸ்போர்ட்-டூரிங் டயர் என்றால் என்ன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பந்தயத்துக்கென்று மென்மையான டயர் உண்டு. சாலையை நன்றாகப் பற்றும், ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் தீர்ந்துபோகும். நீண்ட தூரம் போகிறவர்களுக்கென்று கடினமான டயர் உண்டு. தேயவே தேயாது, ஆனால் அந்த அளவுக்குப் பற்றாது. இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்காகச் செய்வது ஸ்போர்ட்-டூரிங். எங்கள் பாஷையில் சொன்னால் நடப்புக் கணக்குக்கும் வைப்பு நிதிக்கும் நடுவில் ஒன்று.

இரண்டும் ஒன்றாக ஏன் கிடைப்பதில்லை என்றால், டயர் சாலையைப் பிடிக்கும் விதமே அப்படி. ரப்பர் இரண்டு வழியில் பிடிக்கிறது. தார்ச்சாலையின் கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன அல்லவா, அந்தப் பள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கிப் புகுந்து பற்றுவது ஒன்று. ரப்பரின் மேற்பரப்பும் கல்லின் மேற்பரப்பும் மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. காய்ந்த சாலையில் இரண்டும் வேலை செய்யும். நடுவில் தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் ஒட்டும் பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். அமுங்கிப் பற்றுவது ஒன்றுதான் மிச்சம். அதற்கு ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் உராய்ந்து உராய்ந்து சீக்கிரம் தேயும். நம் வண்டி இரண்டு உள்ளங்கை அளவு ரப்பரின் மேல்தான் நிற்கிறது. முன்னால் ஓர் உள்ளங்கை, பின்னால் ஓர் உள்ளங்கை. பிரேக், திருப்பம் எல்லாமே அதற்குள்தான்.

பாத்ரூம் செருப்பை நினைத்துப் பாருங்கள். வாங்கிய புதிதில் ஈரத் தரையில் கால் வைத்தால் நிற்கும். நாலு வருடம் கழித்து அதே செருப்பு, அடியில் வரிகள் அப்படியே இருக்கும், ஆனால் வழுக்கும். வரி தேயவில்லை, ரப்பர் இறுகிவிட்டது. நம் வயதுக்காரர்கள் அதில் வழுக்கி விழுந்த கதை ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருக்கிறது.

டயர் செய்கிறவர்கள் இந்த முரண்பாட்டோடு ரொம்ப நாளாக மல்லுக்கட்டுகிறார்கள். ரப்பர் கலவையில் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் சேர்ப்பார்கள். டயருக்கு அந்தக் கறுப்பு நிறமும் உரமும் அதனால்தான். அதற்குப் பதிலாகவோ அதோடு கூடவோ சிலிக்கா சேர்த்தால் ஈரத்தில் பிடிப்பு கூடுகிறது. இரண்டாவது உத்தி, ஒரே டயரில் இரண்டு விதமான ரப்பர். நேராக ஓடும்போது தரையைத் தொடும் நடுப்பகுதியில் கடினமானது, வண்டி சாயும்போது தொடும் ஓரங்களில் மென்மையானது. மிஷெலின் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த ரோடு 5 என்ற ஸ்போர்ட்-டூரிங் டயரில் இன்னும் ஒரு படி போனார்கள். பின் டயரின் ஓரத்து மென்மையான ரப்பருக்கு அடியிலும் கடினமான ரப்பரை நீட்டிவைத்தார்கள். மேலே மெத்தை, கீழே பலகை. அதன் மேற்பரப்பில் உள்ள கீற்றுகள் டயர் தேயத் தேய அகலமாகும்படி வெட்டப்பட்டிருக்கும். பாதி தேய்ந்த பிறகும் தண்ணீரை வெளியேற்ற வழி இருக்கட்டும் என்று அப்படி. 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய அந்த டயர், அதற்கு முந்தைய மாடலின் புத்தம்புதிய டயருக்குச் சமமாக ஈரத்தில் நிற்கும் என்பது அந்த நிறுவனத்தின் கூற்று. விற்கிறவர் சொல்வதுதான், இருந்தாலும் அவர்கள் எதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எத்தனை ஆயிரம் ஓடும் என்பதைவிட, ஓடிய பிறகு எப்படி நிற்கும் என்பதைச் சொல்கிறார்கள்.

பிரெல்லி நிறுவனம் ஒருமுறை ஒரு வேடிக்கை செய்தது. ஏஞ்சல் எஸ்டி என்ற ஸ்போர்ட்-டூரிங் டயர், 2009-இல் வந்தது. புதிதாக இருக்கும்போது அதன் மேற்பரப்பில் ஒரு தேவதையின் முகம் தெரியும். ஓடித் தேய்ந்ததும் அதே இடத்தில் சாத்தானின் முகம் வரும். விளம்பரத்துக்காகச் செய்ததுதான். ஆனால் தேய்மானம் என்றால் நம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று என்ற நம்பிக்கையை இது நன்றாகக் காட்டுகிறது. என் டயர் கடைசி வரை தேவதை முகத்தோடுதான் இருந்தது.

வால்பாறைக்கு வருகிறேன்.

2022 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் தளத்துத் தம்பியும் அவர் நண்பரும் அவரவர் வண்டியில், நானும் என் மனைவியும் எங்கள் வண்டியில். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடத்தில் நிறுத்தி அணையைப் பார்த்தோம். ஏறும்போது வெயில். வால்பாறையில் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது தென்மேற்குப் பருவத்தின் தூறல் பிடித்துக்கொண்டது. பெருமழை இல்லை. குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற தூறல். அதுதான் மோசமானது. சாலையில் இருக்கும் தூசி, எண்ணெய், அழுகிய இலை எல்லாவற்றையும் குழைத்துப் பூசிவிடும், அடித்துக்கொண்டு போகாது.

வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு. வேகம் 30-க்குள்தான். தம்பி முன்னால் போய்விட்டார், அவர் நண்பர் பின்னால் வருகிறார். பின் பிரேக்கை லேசாகத்தான் தொட்டேன். பின் சக்கரம் வெளிப்பக்கம் நழுவியது. அதைத் திருப்பிப் பிடிக்க எனக்கு நேரமும் இல்லை, வயதும் இல்லை. வண்டி வலப்பக்கம் சாய்ந்து, சறுக்கி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவர் கையை ஊன்றிவிட்டார். விழும்போது யாரும் யோசித்து ஊன்றுவதில்லை.

அந்த வளைவில் ஈர இலை இருந்தது, இறக்கம், இரண்டு பேர் பாரம், ஓட்டியது அறுபதைத் தாண்டியவன். எல்லாவற்றையும் டயர் மேல் போட்டுவிட முடியாது. ஆனால் அதே வளைவில், அதே வேகத்தில், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் ஒரு சிறு அசைவுகூட இல்லாமல் கடந்தார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது தம்பி என் பின் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"அங்கிள், இது கல்லு மாதிரி இருக்குங்க."

"இன்னும் தேயவே இல்லையேப்பா" என்றேன்.

"அதாங்க அங்கிள் பிரச்சனை."

அன்று இரவு மகன் கூப்பிட்டான். அம்மாவிடம் நெடுநேரம் பேசினான். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "டயர் எந்த வருஷத்துதுப்பா?" 2016-இல் வாங்கியது என்றேன். "வாங்கினது இல்ல, செஞ்சது." எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். என் பின் டயரில் 3215. 2015-ஆம் வருடம் 32-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட். நான் வாங்கும்போதே அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வயது. விழும்போது ஏழு நெருங்கிவிட்டது. ஓடியிருந்தது 14,200 கிலோமீட்டர். நடுவில் பள்ளத்தின் ஆழம் இன்னும் 2.6 மில்லிமீட்டர் மிச்சம். நம் நாட்டுச் சட்டப்படி இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். சட்டத்தின் கண்ணில் அது நல்ல டயர். அங்கே ஜெர்மனியில் இந்த மாதிரிப் பெரிய இருசக்கர வண்டிக்கு 1.6 மில்லிமீட்டர் வேண்டும். அதையும் என் டயர் தாண்டியிருந்தது. எந்த ஊர்ச் சட்டமும் ரப்பரை அழுத்திப் பார்ப்பதில்லை.

என் மைத்துனர் கணபதியில் பம்புகளுக்கு ரப்பர் வாஷர், கேஸ்கெட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ரப்பரின் கடினத்தை அளக்கும் சிறு கருவி அவரிடம் உண்டு, ஷோர் மீட்டர் என்பார்கள். கைக்கடிகாரம் மாதிரி ஒரு முகம், அடியில் ஒரு ஊசி. ரப்பர் மேல் அழுத்தினால் 0-லிருந்து 100-க்குள் ஓர் எண் காட்டும். எண் ஏற ஏறக் கடினம். என் பழைய டயர் 77 காட்டியது. தம்பியின் வண்டியில் இருந்த ஒரு வருடத்து ஸ்போர்ட்-டூரிங் டயர் 62. மைத்துனர் மீட்டரைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டே, "பம்பு வாஷர் இப்படி இறுகிப்போய் வந்தா நாங்க தூக்கிப் போட்டுருவோம் மாமா" என்றார்.

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை, ஆகவே இன்னொன்றும் செய்தோம். வண்டியைப் பழுது பார்த்த பிறகு, பழைய டயரோடேயே, மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், ஆள் நடமாட்டமில்லாத ஒரு மனைப்பிரிவுச் சாலையில், தம்பி மணிக்கு 40 வேகத்தில் வந்து பின் பிரேக்கை மட்டும் போட்டார். நான் டேப் பிடித்தேன். மூன்று முறை. சராசரி 25 மீட்டர். டயர் மாற்றிய பிறகு அதே இடத்தில், இன்னொரு மழைக்குப் பின், மூன்று முறை. 20 மீட்டர். இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இரண்டு நாளும் சாலை ஒரே அளவு ஈரமாக இருந்திருக்க முடியாது. நீங்களும் செய்து பார்க்காதீர்கள், அந்தத் தம்பியின் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதே போதும். ஆனால் ஐந்து மீட்டர் என்பது நம் லிஃப்ட் வாசலிலிருந்து மின்சார மீட்டர் அறை வரை. அதற்குள் ஒரு குழந்தை, ஒரு நாய், ஒரு பெரியவர், என்ன வேண்டுமானாலும் நிற்கலாம்.

இப்போது என் பழைய பாடத்துக்கு வருகிறேன். பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்ற அத்தியாயம் வரும். ஒரு சொத்தின் மதிப்பு ஏன் குறைகிறது? பயன்படுத்துவதால். காலம் கடப்பதால். வழக்கொழிந்து போவதால். எங்கள் பேராசிரியர் இரண்டாவதை 'எஃப்ளக்ஸன் ஆஃப் டைம்' என்று மூக்கால் உச்சரிப்பார், நாங்கள் சிரிப்போம். தேய்மானத்தைக் கணக்கிடப் பல முறைகள் உண்டு: நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை, வண்டிகளுக்கென்று மைலேஜ் முறை. எந்தச் சொத்துக்கு எந்த முறை பொருந்தும் என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும். நான் நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

டயருக்கு நான் மைலேஜ் முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். 20,000 கிலோமீட்டர் ஆயுள், இதுவரை ஓடியது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. காலம் கடப்பதால் வரும் தேய்மானத்தை எழுதவில்லை. என் மாதிரி வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டுகிறவன் அந்த 20,000-ஐ முடிக்க எட்டு ஒன்பது வருடம் ஆகும். அதற்குள் ரப்பரில் இருக்கும் எண்ணெய்ப் பதம் போய்விடும், காற்றும் வெயிலும் சூடும் அதை இறுக்கிவிடும். நான் 42 பைசா கொடுத்து வாங்கியதில் பின்பாதி என்னால் அனுபவிக்கவே முடியாதது. புத்தகத்தில் மதிப்பு இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. வாராக்கடன் மாதிரி.

தினமும் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுகிற விற்பனைப் பிரதிநிதிக்குக் கடினமான டயர் சரியாக இருக்கலாம். அவர் ஒன்றிரண்டு வருடத்தில் தேய்த்து முடித்துவிடுவார், இறுகுவதற்கு அது காத்திருக்காது. குறைவாக ஓட்டுகிறவனுக்குத்தான் நீண்ட ஆயுள் டயர் வீண். இதை நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். கொஞ்சமாக ஓட்டுகிறோம், ரொம்ப நாள் வரட்டுமே என்று.

புதிய ஜோடி ஸ்போர்ட்-டூரிங் டயர் 2022 செப்டம்பரில் போட்டேன். இந்த முறை பேரேட்டில் எல்லாக் கட்டமும் வரைந்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆழம் பார்க்கும் கருவியால் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக அளந்தேன். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்த்தேன். முன்னால் 32, பின்னால் 36. மகன் அங்கே வரும் 'மோட்டோராட்' என்ற இதழின் டயர் ஒப்பீடுகளைப் படம் பிடித்து அனுப்புவான். காய்ந்த சாலை, ஈரச் சாலை, தேய்மானம் என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். நம் வீட்டு மதிப்பெண் பட்டியல் மாதிரியே, எல்லாப் பாடத்திலும் முதலாவது வருகிற பிள்ளை அதிலும் அபூர்வம்.

என் டயர் பின்னால் 10,800 கிலோமீட்டர் வந்தது. இந்த மூன்று வருடத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே ஓட்டினேன், ஓட்டிப் பார்க்கத்தானே போட்டோம். நடுவில் 4.8 மில்லிமீட்டர் தேய்ந்தபோது ஓரத்தில் 1.3 மட்டுமே தேய்ந்திருந்தது. அதாவது மலை வளைவுக்காகச் செய்த டயரை நான் பொள்ளாச்சிச் சாலையில் நேராக ஓட்டித் தீர்த்திருக்கிறேன். நடுப்பகுதி தட்டையாகிவிட்டால் வண்டியைச் சாய்க்கும்போது ஒரு விளிம்பில் ஏறி இறங்குவது போலிருக்கும். 8,500 கிலோமீட்டரிலேயே அது தெரிய ஆரம்பித்தது. இது ஸ்போர்ட்-டூரிங் டயரின் குறைதான், நடுவில் கடினமான ரப்பர் வைத்தும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ஈரத்தில் அது நடந்துகொண்ட விதத்தில் கடைசி மாதம் வரை எனக்குக் குறை இல்லை. 1.7 மில்லிமீட்டரில், சட்டம் அனுமதிப்பதற்கு வெகு முன்பே, மாற்றிவிட்டேன்.

விலை 13,500. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 25 பைசா. பழையது, நான் விழுந்த நாள் வரை ஓடியதை வைத்துப் பார்த்தால், 59 பைசா. வித்தியாசம் 66 பைசா. மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 7,100 ரூபாய், மாதம் 200 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. மருத்துவமனைச் செலவை இந்தப் பேரேட்டில் ஏற்றவில்லை. காப்பீடு பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க இன்றும் என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மருதமலை அடிவாரம் வரை என்னோடு வண்டியில் வருவார். மலைச் சாலை வேண்டாம் என்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

உங்களில் பலர், "எங்களிடம் ஸ்கூட்டர்தானே இருக்கிறது, இந்தப் பெரிய வண்டிக் கதை எதற்கு" என்று நினைக்கலாம். போன நவம்பரில் பி-பிளாக் சரிவுப் பாதையில், யாரோ கார் கழுவிய தண்ணீரில், ஒரு ஸ்கூட்டர் வழுக்கியது நினைவிருக்கும். நல்லவேளை, பெரிதாக அடிபடவில்லை. தரைப் பூச்சு மேல் பழி போட்டோம். சங்கம் வழுக்காத பட்டைகளை ஒட்டியது. அது சரியான காரியம்தான், நானும் கைதூக்கினேன். ஆனால் அந்த ஸ்கூட்டரின் டயரை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், 1816. ஒன்பதரை வயது. வரிகள் பளிச்சென்று இருந்தன. மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் போய்வருகிற வண்டி எப்படித் தேயும்? டயர் நிறுவனங்களே ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடந்தோறும் பரிசோதிக்கச் சொல்கின்றன. எப்படி இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. நான் ஐந்திலேயே மாற்றிவிடுவேன். அது என் அபிப்பிராயம், எனக்கு இப்போது பயம் கொஞ்சம் அதிகம்.

ஸ்கூட்டரின் பத்து அங்குலச் சக்கரத்துக்கு ஸ்போர்ட்-டூரிங் என்ற பெயரில் டயர் தேட வேண்டாம். ஆனால் அங்கேயும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி மாறாது. "எத்தனை ஆயிரம் வரும்" என்பதற்கு முன், "எந்த வாரம் செய்தது, காட்டுங்க" என்று கேளுங்கள். இரண்டு வருடமாகக் கடை மேல்தட்டில் காய்ந்ததைப் புதிது என்று வாங்காதீர்கள். புது டயர் போட்டால் முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். மேலே ஒரு வழுவழுப்பு இருக்கும், அது போக வேண்டும். வண்டி துடைக்கிற பையன் ஆசையாக டயருக்குப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். கார் டயரின் பக்கவாட்டில் அது அழகு. பைக் சாயும்போது தரையைத் தொடும் இடத்தில் அது எண்ணெய்.

தேய்மானம் குறிக்கிற சிறு மேடுகள் பள்ளத்துக்குள் இருக்கும், பக்கவாட்டில் முக்கோணமோ மூன்று எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். ரப்பர் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரியும். தொடாமல் இருக்கிற டயரைத்தான் நாம் பார்ப்பதில்லை.

ஷோர் மீட்டரை மைத்துனரிடமிருந்து இந்த மாதக் கடைசி வரை கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை பி-பிளாக் வாகன நிறுத்தத்தில், மோட்டார் அறைப் பக்கம் இருப்பேன். ஆழம் பார்க்கும் கருவி, டார்ச், காற்றழுத்த மானி எல்லாம் என்னிடம் உண்டு. மூன்றாம் தளத்துத் தம்பியும் வருகிறார். வண்டியைச் சனிக்கிழமை இரவே அங்கே நிறுத்திவிட்டால் நல்லது, டயர் ஆறியிருந்தால்தான் காற்று சரியாகக் காட்டும். எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தருவேன். யார் வண்டியில் என்ன எண் வந்தது என்று வெளியே சொல்ல மாட்டேன், வங்கிக்காரன் வாக்கு.